கோழி டப்பா

காலை ஆறு பத்து. மொட்டை மாடிக் கதவைத் தள்ளித் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்புக் கோழி. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. கோழி உட்காருவதில் அதிசயமில்லை. ஆனால் இது கால்களை மடக்கி உட்காரவில்லை. இரண்டு காலும் ஒரே பக்கமாக நீண்டு, கழற்றிப் போட்ட செருப்பு மாதிரி கிடந்தன.

என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தது. கழுத்து நிமிர்ந்தது, இறக்கைகள் தரையை அடித்தன, கால்கள் மட்டும் வரவில்லை. கண் தெளிவாகத்தான் இருந்தது. வழக்கம்போல என்னைச் சந்தேகத்தோடு பார்த்தது.

கீழே மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை வயலினில் சரளி வரிசை வாசித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது ஸ்வரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கி விழுந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு முதிய குரல் அதைப் பாடித் திருத்தியது.

நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் செய்தி ஆசிரியர் ஒரு பழக்கத்தைக் கட்டாயமாக்கியிருந்தார். போன இடத்தில் முதலில் மணியைப் பார்க்க வேண்டும். அடுத்து, கண்ணில் முதலில் பட்டதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் சொல்வதைக் கேட்பது அதற்குப் பிறகுதான். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. பழக்கம் என்னோடு தங்கிவிட்டது.

அந்த மாடி இப்போது இல்லை. கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டியிருந்த எங்கள் பதினாறு வீட்டுக் கட்டடத்தை இடித்து, அதே இடத்தில் இரண்டு மடங்கு உயரத்துக்குப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது வாசல் காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சொல்வதற்குப் பெயர் இல்லாமல் திரும்பிவிட்டேன்.

கஸ்தூரியும் சேவலும்

கோழிகள் கஸ்தூரியுடையவை. தரைத்தள வீட்டுக்காரி. அடையாறில் ஒரு மருத்துவமனையில் வார்டு ஆயா. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வந்தால் தூங்கப் போவதற்கு முன் மாடி ஏறி, கூண்டைத் திறந்து, தீனி வைத்துவிட்டுத்தான் படுப்பாள். மருத்துவமனையில் யாருக்காவது உடம்பு தேற நாட்டுக்கோழி முட்டை வேண்டுமென்றால் இவள் கைப்பையில் இருந்துதான் போகும். ஒவ்வொரு கோழிக்கும் ஒரு நடிகையின் பெயர் வைத்திருந்தாள். சிவப்புக் கோழியின் பெயரை இங்கே எழுதினால் அந்த நடிகை வருத்தப்படக்கூடும்.

சேவல் ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் இல்லை. சேவல் என்றே கூப்பிடுவாள்.

அந்தச் சேவலால்தான் கஸ்தூரிக்கும் சேஷாத்ரிக்கும் தகராறு. சேஷாத்ரி மூன்றாம் மாடியில், கூண்டுக்கு நேர் கீழே, வாடகைக்கு இருந்த வயலின் ஆசிரியர். எழுபதை நெருங்கியவர். தனி ஆள். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். சகோதரர்கள் சேர்ந்து குளத்தை ஒட்டிய பூர்வீக வீட்டை விற்ற பிறகு எங்கள் கட்டடத்துக்கு வந்தார். காலை ஆறிலிருந்து ஏழுவரை குழந்தைகளுக்கு வகுப்பு. பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன் முடித்தாக வேண்டும்.

"ஆரம்பிக்கறச்சேயே அது ஒரு ஸ்ருதி பிடிக்கறது. குழந்தேள் எல்லாம் அதைக் கேட்டுண்டு வாசிக்கறதுகள்" என்று ஒருநாள் படிக்கட்டில் நின்று சொன்னார்.

"அதும் வாயத் தச்சிட முடியுமா சார்?" என்றாள் கஸ்தூரி.

பேச்சு வளர்ந்து, குடியிருப்போர் சங்கக் கூட்டம் வரை போய், கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. சேவல் இரவில் கஸ்தூரி வீட்டுக்குள் கூடைக்கு அடியில் இருக்கும். காலை ஏழு மணிக்குப் பிறகுதான் மாடிக்கு வரும். கூடைமேல் ஒரு பழைய கம்பளியையும் போட்டு மூடுவாள். சேவல் அதற்குள்ளிருந்து கூவினால் யாரோ தொண்டையைச் செருமுவது போலத்தான் கேட்கும்.

முறத்தில் ஓடாதவை

எங்கள் கட்டடத்தில் அப்போது சிறுதானியக் காலம். யாருக்கோ சர்க்கரை குறைந்ததாம், யாருக்கோ முழங்கால் வலி நின்றதாம். எல்லார் வீட்டிலும் இட்லிப் பானையில் சோளம் ஏறியது.

இதை முன்னின்று நடத்தியவர் வள்ளியம்மை. சங்கச் செயலாளர் முத்தையா அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சிக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மாசி பிறந்ததும் அங்கே அவர்கள் உறவினர் களத்திலிருந்து வெள்ளைச் சோளம் மூட்டையாக வரும். மெஷினில் போட்டுச் சுத்தம் செய்யக் கூடாது, களத்தில் இருந்தபடியே வர வேண்டும் என்பது எங்கள் கட்டடத்தின் கண்டிப்பான நிபந்தனை. மெஷினில் போட்டால் சத்துப் போய்விடும் என்று வாட்ஸப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் மொட்டை மாடி நிறைந்துவிடும். பாய் விரித்து, ஆளுக்கொரு முறம். முறம் இல்லாதவர்களுக்கு எவர்சில்வர் தட்டு. உருண்டைச் சோளம் முறத்தைச் சாய்த்ததும் சரசரவென்று ஓடிவிடும். தட்டையாக இருப்பது ஓடாமல் தங்கும். சோளத் தூசு மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே இருப்பார்கள். ஆற்றிலிருந்து அவ்வப்போது ஒரு வாடை வந்து போகும். வெயில் இறங்க இறங்க, தூரத்தில் தெரியும் நூலகக் கட்டடத்தின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிறமாகும். மேல்நாட்டில் இருக்கும் மகன்கள், மருமகள்கள், நாத்தனார் வீட்டுக் கல்யாணம் எல்லாம் அந்தப் பாயில் அலசப்படும்.

அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குத் தேவைப்படுகிறது. இப்போது இருக்கும் வீட்டில் ஞாயிறு மதியம் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் மட்டும்தான்.

முறத்தில் தங்கியதை யாரும் குப்பையில் போட மாட்டார்கள். மாடிப்படியின் அடியில், கைப்பிடிக் கம்பியில், ஒரு பெரிய பிஸ்கட் டின் கம்பி கட்டித் தொங்கும். அதற்குப் பெயர் கோழி டப்பா. கல்லை மட்டும் பொறுக்கிவிட்டு, உடைந்த சோளம், பதர், பெயர் தெரியாத விதை எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டுத்தான் அவரவர் வீட்டுக்குப் போவார்கள். இயற்கை விவசாயத்தில் விளைந்ததைக் கோழியும் சாப்பிடட்டும் என்று வள்ளியம்மை சொல்வார். எங்கள் வீட்டிலிருந்தும் போனது. சேஷாத்ரி வீட்டிலிருந்து மட்டும் ஒரு பிடிகூட விழுந்ததில்லை.

"அவருக்குக் கோழின்னாலே ஆகாது" என்று அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டோம்.

வெள்ளைப் பொடி

சிவப்புக் கோழி அன்று சாயங்காலத்துக்குள் செத்தது. மறுநாள் காலை இன்னும் இரண்டு. உயிரோடு இருந்தவற்றில் சில, குடித்தவர் போலத் தள்ளாடி நடந்து, இரண்டடியில் உட்கார்ந்துகொண்டன.

கஸ்தூரி செத்த கோழியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"கெட்டியா இருந்துச்சு சார், போன வாரம். தூக்குனா கை நோவும். இப்பப் பாரு, துணி மாதிரி கீது."

அண்ணாச்சி மாடியைச் சுற்றி வந்தார். கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. குனிந்து பார்த்தார், தொடவில்லை.

"எறும்பு மருந்து. சேஷாத்ரி சார் போன வாரம் தூவுனாரு. நானே பாத்தேன்லா" என்றார்.

சேஷாத்ரி அதை மறுக்கவில்லை. எறும்பு மாடியிலிருந்து இறங்கி வயலின் பெட்டிக்குள் போகிறது, அதனால் தூவினேன் என்றார். சுவரை ஒட்டித்தான், கூண்டுப் பக்கம் போகவே இல்லை என்றார்.

"எறும்புக்குன்னு சொல்லிட்டுக் கோழிக்கு வச்சிட்டீங்க" என்று கஸ்தூரி கத்தினாள். மூன்று மாடிக்கும் கேட்டது. "சேவலு கூவுதுன்னா என்னாண்ட சொல்லு. பொட்டக் கோழி இன்னா பண்ணுச்சு உனக்கு?"

அதுவரை அவரை 'நீங்க' என்றே பேசி வந்தவள். 'உனக்கு' என்றதும் சேஷாத்ரி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று இரவே அண்ணாச்சி, சேஷாத்ரி இருந்த வீட்டின் சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்பிவிட்டார். அவர் வெளிநாட்டில் இருந்தார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொள்ள முடியாது, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறோம் என்று எழுதியதாக என்னிடமே சொன்னார். அந்த வயதில், தனியாக, வீட்டில் வகுப்பு எடுக்கும் ஒருவருக்கு இன்னொரு வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த நாள் ஆறு பத்துக்கு மாடியில் நின்றேன். வகுப்புக்குக் குழந்தைகளை அனுப்புவதைப் பலர் நிறுத்திவிட்டார்கள்; ஒரே ஒரு வயலின் கேட்டது. அதற்கு அடுத்த நாள் அதுவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய சமாச்சாரம். நான் நிருபராக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாதிப் பந்திக்கு வாந்தி. நான் போய்ச் சேர்வதற்குள் ஐஸ்கிரீம் கொடுத்தவரைத் தூணோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் வெளியாள், அதனால் பிடிப்பது எளிது. கடைசியில் மண்டபத்துத் தண்ணீர் டிரம் என்று தெரிந்தது. ஐஸ்கிரீமே சாப்பிடாத ஒரு முதியவரும் வாந்தி எடுத்ததுதான் துப்பு. அன்றிலிருந்து, விழுந்தவர்களை எண்ணுவதற்கு முன் விழாதவர்கள் யார் என்று பார்ப்பேன்.

மாடியில் விழாதது எது? சேவல். ஏழு மணிக்கு மேல் அது கூண்டின்மேல் ஏறி நின்று, கால் இரண்டையும் அழுத்தி ஊன்றி, முழுத் தொண்டையில் கூவியது. சேஷாத்ரிக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "அதுக்கு மருந்து எட்டியிருக்காது சார்" என்றார்.

செத்த பிறகு டாக்டர்

செத்த கோழிகளில் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி, துணிப்பையில் வைத்து, ஆட்டோவில் ஏறினேன். பறவைக் காய்ச்சல் செய்திகள் எழுதிய நாட்களில் பழக்கமான அரசு கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். மலர்விழி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், சிக்கனா? றெக்கையோட எடுத்துனு போறியே."

"செத்த கோழி. டாக்டர்கிட்டப் போகுது."

ஒரு சிக்னலில் வண்டியை நிறுத்தித் திரும்பினார். "உயிரோட கீறசொல்ல இட்டுனு போயிருக்கலாம்ல நைனா?" என்றார்.

மலர்விழி பையை வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி எங்க வச்சிருந்தீங்க?" ஐஸ் போட்டு வைத்திருந்தோம் என்றேன். கையுறை மாட்டிக்கொண்டு, நெஞ்சுத் தோலை விலக்கினார். அப்புறம் தொடை.

நான் கோழி சாப்பிடுகிறவன். தொடைக் கறி என்ன நிறத்தில் இருக்கும் என்று தெரியும். இது அந்த நிறத்தில் இல்லை. சிவப்பு வெளுத்து, வெந்நீர் ஊற்றியது போல இருந்தது. அந்த வெளுப்புக்குள் நீளவாக்கில் இன்னும் வெள்ளையான கோடுகள் ஓடின.

"இது சதையிலயே கோளாறு. தசை நார் செத்துப்போயிருக்கு. அதான் நிக்க முடியல" என்றார்.

"எறும்பு மருந்து?"

"அது நரம்பைத் தாக்கும். எச்சில் வடியும், இழுக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும். இப்படிச் சதையை வெளுக்க வைக்காது. இது ஒரு நாள் வேலை இல்ல சார். பல நாளா எதையோ தின்னிருக்கு."

இரைப்பையைப் பிளந்து, தண்ணீர் விட்டு, ஒரு வெள்ளைத் தட்டில் அலசினார். கூழாக அரைந்த தவிடு. அதற்குள் அரைபடாமல் தப்பிய சில விதைகள். தட்டையாக, பாசிப் பழுப்பு நிறத்தில், நடுவில் லேசாக அமுங்கி இருந்தன. விரலால் ஒன்றைத் தனியே நகர்த்தினார்.

"பேயாவிரை. ரோட்டோரத்துல மஞ்சப் பூ பூத்து, ஒல்லியாக் காய் தொங்குமே, அது. சோளக் காட்டுல களையா வளரும். சேத்து அறுத்தா சேந்து வந்துடும். நல்லா வறுத்துக் காப்பித் தூளுக்குப் பதிலாப் போடுறவங்கல்லாம் உண்டு. பச்சையாத் தின்னா கோழி இப்படித்தான் ஆகும்."

சதைத் துண்டுகளைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மாற்று மருந்து எதுவும் இல்லை, அந்தத் தீனியை உடனே நிறுத்துங்கள், இப்போதைக்கு முட்டையும் வேண்டாம் என்றார். லேசாகத் தள்ளாடுகிறவை பிழைக்கலாம் என்றார். விதைகளை ஒரு சின்னப் பாக்கெட்டில் போட்டு என் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஆற்றுப் பாலத்தை ஒட்டி, குப்பை மேட்டின் ஓரத்தில், அதே மஞ்சள் பூச் செடிகள் வரிசையாக நின்றன. எத்தனையோ வருடமாக அவற்றைக் கடந்து போயிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

கூட்டம் மாடியில். சோளப் பாய் விரிக்கிற அதே இடத்தில் நாற்காலிகள். சேஷாத்ரி உட்காரவில்லை, கதவுப் பக்கம் நின்றார். சலவை வேட்டி கட்டியிருந்தார்.

பாக்கெட்டைப் பிரித்து விதைகளை ஓர் எவர்சில்வர் தட்டில் கொட்டினேன். தட்டு கைமாறியது. வள்ளியம்மை தட்டைச் சாய்த்துப் பார்த்தார். விதைகள் ஓடவில்லை.

"இது நம்ம சோளத்துல வாரதுல்லா" என்றார். "வாராவாரம் இதத்தானே ஒதுக்குதோம்."

"ஒதுக்கி?" என்றேன்.

ஒருவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கஸ்தூரி எழுந்து நின்றாள்.

"அதுங்க அத்த திங்கல சார். ஒடஞ்ச சோளத்தப் பொறுக்கித் தின்னுட்டு இந்த வெதைய மட்டும் தரையில உட்டுனு போகும். வேஸ்டாப் போவுதேன்னு நான்தான் ஊற வச்சி, மிக்ஸில அரச்சி, தவுட்டோட உருண்டை புடிச்சி..." கையை உருண்டை பிடிப்பது போல வைத்தாள். அந்தக் கை அப்படியே நின்றது.

"நாம தின்னதுலயும் இருந்திருக்குமே" என்று வள்ளியம்மை பயந்தார்.

"பொறுக்கிட்டுத்தானே சாப்பிட்டோம்" என்று என் மனைவி சொன்னாள். நல்லது எங்கள் தட்டுக்கு வந்தது. ஒதுக்கியது முழுவதும், பதினைந்து வீட்டிலிருந்தும் சேர்ந்து, ஒரே டப்பாவுக்குப் போனது.

"நான் சோளமே வாங்கறதில்லை. ஆத்துல சாதம்தான்" என்றார் சேஷாத்ரி. யாரும் அவரைக் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னார். அப்புறம் கஸ்தூரியைப் பார்த்து, "சேவல் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா கீது சார். அது ஏழு மணிக்கு மேலதான வருது? அது வர்றதுக்குள்ள பொட்டைங்க உருண்டைய முடிச்சிடும். அதுக்கு ஊட்ல பழைய சோறுதான்."

"அப்போ என் கிளாஸ்தான் அதைக் காப்பாத்திருக்குன்னு சொல்லு."

"ஆமா சார்" என்றாள். "நான் அன்னிக்கு மரியாதை இல்லாம..."

"கோழி போச்சு. கத்தத்தான் செய்வே. கத்தினதும் நல்ல ஸ்தாயியிலதான் இருந்தது, சேவல் மாதிரி."

சிலர் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வீட்டுச் சொந்தக்காரரிடம் நீண்ட நேரம் பேசினார். வந்து, குரலைத் தாழ்த்தி, "அவரு அக்கா மகன் வாரானாம் சார். எப்படியும் வீடு வேணுமாம். நான் செய்தி அனுப்புன அன்னிக்கே அவனுக்கு வாக்குக் குடுத்துட்டாராம்" என்றார். சேஷாத்ரிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "சரி, பரவாயில்லை" என்று சொல்லிப் படி இறங்கினார்.

கூடை

மாதக் கடைசியில் ஒரு சின்ன வேன் வந்தது. பொருட்கள் அதிகம் இல்லை. மயிலாப்பூரில் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்திருந்தது. வயலின் பெட்டியைக் கஸ்தூரி இரண்டு கையாலும் மார்போடு அணைத்து மூன்று மாடி இறங்கினாள். அண்ணாச்சி தன் கடையிலிருந்து ஒரு வேட்டி கொண்டுவந்து கொடுத்தார். சேஷாத்ரி வாங்கிக்கொண்டார்.

கோழி டப்பாவை யாரோ கழுவி, கவிழ்த்து, அதே கம்பியில் மாட்டியிருந்தார்கள். வள்ளியம்மை அடுத்த மாசியில் சோளம் வரவழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பாய் அதோடு போயிற்று. தள்ளாடிய கோழிகளில் மூன்று பிழைத்தன.

சொந்தக்காரரின் அக்கா மகன் வரவே இல்லை. மூன்றாம் மாடி வீடு, கட்டடத்தை இடிக்கும் வரை பூட்டியே கிடந்தது. நான் ஆறு பத்துக்கு மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. கஸ்தூரி மூன்று கோழிகளுக்கும் அரிசி போட்டுவிட்டுக் கீழே இறங்குவாள்.

சேவலை அவள் அப்போதும் ஏழு மணிக்குப் பிறகுதான் கூடையிலிருந்து திறந்துவிட்டாள்.